தம்பி உங்களிடம்தான் முதலில் சொல்வான்: பகடிவதை பற்றி அண்ணன், அக்காமார் தெரிந்துகொள்ள வேண்டியவை

2026-ஆம் ஆண்டுக்கான பள்ளித் தவணை ஜனவரியில் தொடங்கியது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளைகள் இப்போது இடைநிலைப்பள்ளியில் இருக்கிறார்கள். உங்கள் தம்பியோ தங்கையோ, மாமா மகனோ அத்தை மகளோ அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

பள்ளி மட்டும் மாறவில்லை. பாட மொழி மாறிவிட்டது. ஆறு வருஷம் பழகிய ஆசிரியர்கள் இல்லை. நூறு பேர்கூட இல்லாத தோட்டப்புறப் பள்ளியிலிருந்து, ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு வந்தவர்களும் உண்டு. நேற்று வரை பள்ளியிலேயே மூத்த பிள்ளை. இன்று எல்லாருக்கும் இளைய பிள்ளை. பகடிவதை செய்கிறவர்கள் தேடுவது இப்படித் தனியாக நிற்கும் ஒருவரைத்தான்.

கடந்த இரண்டு ஆண்டுகளில் பகடிவதைக்கு எதிரான சட்டங்கள் மலேசியாவில் வேகமாக மாறியுள்ளன. புகார் செய்ய வழிகள் இருக்கின்றன. ஆனால், இதெல்லாம் வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் ஒரு பிள்ளை யாரிடமாவது வாய் திறக்க வேண்டும். அப்பாவிடம் சொன்னால் கோபப்படுவார், அம்மாவிடம் சொன்னால் அழுவார், ஆசிரியரிடம் சொன்னால் 'போட்டுக் கொடுத்தவன்' என்று பேர் வரும். அப்புறம் மிச்சம் இருப்பது யார்? நீங்கள்தான்.

அப்படி உங்களிடம் வந்து சொன்னால், நீங்கள் என்ன செய்வீர்கள்?

எது விளையாட்டு, எது பகடிவதை?

'சும்மா வெளையாட்டுக்குத்தான் செஞ்சோம்.' பிடிபட்டவர்கள் சொல்லும் முதல் பதில் இது. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். நண்பர்கள் ஒருவரையொருவர் ஓட்டுவது இயல்பு. அப்படியானால் கோடு எங்கே?

பகடிவதை பற்றிய ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர் நார்வேயில் பணியாற்றிய உளவியல் அறிஞர் டான் ஒல்வேயஸ். 1982-இன் இறுதியில் அந்நாட்டில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். பகடிவதையே காரணமாகக் கருதப்பட்டது. அதன் பிறகு, 1983-இல் நார்வே நாடு தழுவிய பள்ளி இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. ஒல்வேயஸ் வகுத்த மூன்று அடையாளங்களைத்தான் உலகம் இன்றும் பயன்படுத்துகிறது:

• வேண்டுமென்றே செய்வது.
• திரும்பத் திரும்பச் செய்வது.
• இரு தரப்புக்கும் பலம் சமமாக இல்லாதது.

இதில் மூன்றாவதைத்தான் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பலம் என்றால் உடல் பலம் மட்டும் இல்லை. ஐந்து பேர் ஒரு பக்கம், ஒருவன் மறுபக்கம் என்றால் அது பலம். அந்தப் பள்ளியின் மொழியைச் சரளமாகப் பேசுகிறவனுக்கும் தடுமாறுகிறவனுக்கும் இடையே இருப்பதும் பல வேறுபாடுதான். குரூப்பிலிருந்து யாரைத் தூக்கலாம் என்று முடிவு செய்கிறவளிடமும் பலம் இருக்கிறது.

எளிதாகப் பார்க்க ஒரு வழி உண்டு: அந்தப் பிள்ளை 'போதும், நிறுத்து' என்று சொன்னால் நிறுத்துகிறார்களா? நிறுத்தினால் விளையாட்டு. நிறுத்தாமல் இன்னும் அதிகமாகச் செய்தால், அது விளையாட்டு இல்லை.

நம் பிள்ளைகள் சந்திப்பது பல வகை. நிறத்தைச் சொல்லி, இனத்தைச் சொல்லி, தலையில் வைத்த எண்ணெயைச் சொல்லிக் கேலி செய்வது ஒரு வகை. நம் பிள்ளைகளே நம் பிள்ளைகளுக்குச் செய்வது இன்னொரு வகை: 'அண்ணனுக்குக் காசு கொடு' என்று தினமும் இரண்டு ரிங்கிட் பிடுங்குவது, குண்டர் கும்பல் பெயரைச் சொல்லி மிரட்டுவது, விடுதியில் மூத்த மாணவர்களின் துணியைத் துவைக்க வைப்பது. பெண் பிள்ளைகளிடையே அடி உதை இல்லாமலே நடக்கும்: சிற்றுண்டிச்சாலையில் உட்கார இடம் கொடுக்காமல், பேசாமல், வதந்தி பரப்பி ஒருத்தியை ஒதுக்கிவிடுவார்கள். காயம் தெரியாததால் வீட்டில் யாருக்கும் தெரிய வராது.

எண்கள் என்ன சொல்கின்றன?

கல்வியமைச்சு வெளியிட்ட கணக்கின்படி, பள்ளிகளில் பதிவான பகடிவதைச் சம்பவங்கள் 2022-இல் 3,887. 2023-இல் 6,528. 2024-இல் 7,681. இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய இரு மடங்கு.

இதை எப்படிப் படிப்பது? பகடிவதை இரு மடங்காகிவிட்டது என்று உடனே முடிவு கட்ட முடியாது. 2022-இல்தான் பெருந்தொற்றுக்குப் பிறகு பள்ளிகள் முழுமையாக வழக்க நிலைக்குத் திரும்பின. பிறகு புகார் செய்ய இணைய வழிகளும் கூடின. முன்பு வாய்மூடி இருந்தவர்கள் இப்போது பேசுகிறார்கள் என்பதும் இந்த உயர்வுக்கு ஒரு பகுதிக் காரணமாக இருக்கலாம்.

ஒன்று மட்டும் உறுதி. இந்த எண்ணில் இருப்பவை யாரோ ஒருவர் சொன்னதால் பதிவானவை. சொல்லப்படாதவை எந்தக் கணக்கிலும் இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் இருக்கிறான் என்பதை அமைச்சின் புள்ளிவிவரம் சொல்லாது.

சட்டத்தில் என்ன மாறியது?

இந்த மாற்றத்தில் நம் சமூகத்துக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. ஈஷா என்று டிக்டாக்கில் அறியப்பட்ட ஏ. ராஜேஸ்வரி, 2024 ஜூலையில் உயிரிழந்தார். இணையத்தில் தன்னைச் சிலர் மிரட்டுவதாக அதற்கு முந்தைய நாள்தான் அவர் போலீசில் புகார் கொடுத்திருந்தார். வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, 1955-ஆம் ஆண்டு சிறு குற்றச் சட்டத்தின்படி விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். அந்தப் பிரிவில் அதிகபட்சமே அவ்வளவுதான். 'ஒரு உயிருக்கு நூறு வெள்ளியா?' என்று நாடே கேட்டது.

அந்தக் கேள்விக்குப் பிறகு தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. 507பி முதல் 507ஜி வரையிலான புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு மிரட்டும், ஏசும், அவமதிக்கும் சொற்களைப் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை. அத்தகைய செயலால் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டப்பட்டால் பத்து ஆண்டு வரை. பிறருடைய தனிப்பட்ட விவரங்களை, துன்புறுத்தும் நோக்கத்தோடு இணையத்தில் போட்டுவிடுவதும் குற்றம்.

அதே ஜூலை மாதம், சபாவில் விடுதிப் பள்ளி ஒன்றில் படித்த 13 வயது மாணவியின் மரணம் நாட்டை உலுக்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற குரல் அதன் பிறகு வலுத்தது. சட்டத் துறை அமைச்சர் அஸாலினா ஒத்மான் சைட் கொண்டுவந்த பகடிவதை எதிர்ப்பு மசோதா, 2025 டிசம்பரில் மக்களவையில் நிறைவேறியது. 18 வயதுக்குட்பட்டவர்களின் புகார்களை விசாரிக்கத் தனி நடுவர் மன்றம் அமைப்பது அதன் மையம். 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு கொடுக்க உத்தரவிடும் அதிகாரம் அந்த மன்றத்துக்கு உண்டு.

சிறுவர்களும் சட்டத்துக்கு உட்பட்டவர்களா என்று கேட்கலாம். ஆம். பத்து வயதுக்குக் கீழே இருந்தால் குற்றப் பொறுப்பு கிடையாது. பத்து முதல் பன்னிரண்டு வயது வரை, செய்வது என்னவென்று புரியும் பக்குவம் இருந்ததா என்று பார்ப்பார்கள். அதற்கு மேல், வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

ஆக, கதவுகள் இருக்கின்றன. அவற்றைத் தட்டும் வரைக்கும் ஒரு பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் வேண்டும்.

பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை?

'ஸ்கூல் எப்படி?' என்று கேட்டால் 'ஓகே' என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்வியை அப்படித்தான் கேட்கிறோம்.

சொல்லாமல் இருப்பதற்குப் பிள்ளையிடம் காரணங்கள் உண்டு. சொன்னால் இன்னும் மோசமாக அடிப்பார்கள் என்ற பயம் ஒன்று. தன்மேல்தான் ஏதோ குறை இருக்கிறது என்ற வெட்கம் இன்னொன்று. போனைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற கவலை மூன்றாவது. இணையத்தில் நடந்ததை மறைப்பதற்கு இது ஒன்றே போதும். அப்பா இரண்டு வேலை பார்க்கிறார், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, 'நான் வேற கஷ்டம் கொடுக்கணுமா' என்று நினைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே ஒருமுறை சொல்லிப் பார்த்த பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குக் கிடைத்த பதில்கள் நம் வீடுகளில் எல்லாரும் கேட்டவை:

'நீ என்ன செஞ்ச? சும்மாவா அடிச்சான்?'
'ஆம்பளப் புள்ள இதுக்குப் போய் அழுவியா?'
'கண்டுக்காத, தானா நிறுத்திருவாங்க.'
'அடிச்சா நீயும் திருப்பி அடி.'

இவற்றில் எதுவும் கெட்ட எண்ணத்தில் சொல்லப்படுவதில்லை. ஆனால் நாலுமே பிள்ளையின் காதில் ஒரே மாதிரிதான் விழும்: இது உன் பிரச்சினை, நீயே பார்த்துக்கொள்.

அதனால், நேரடியாகச் சொல்லாத பிள்ளையின் நடவடிக்கையைத்தான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவானால் வயிற்று வலி. பள்ளியில் கழிப்பறைக்கே போகாமல், வீட்டுக்கு வந்ததும் ஓடுவது. பொருள்கள் அடிக்கடி 'தொலைந்துபோவது'. காசு வாங்கிப் போயும் பசியோடு வருவது. போன் ஒலித்தால் திடுக்கிடுவது. ஒரு காரணமும் இல்லாமல் தம்பி தங்கைமீது எரிந்து விழுவது. இவற்றில் ஒன்றை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

சொல்ல ஆரம்பித்தால்: முதல் பத்து நிமிடம்

இது ஒரு விசாரணை இல்லை. முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேட்பதைவிட, காரில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது, இரவு மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடும்போது பேசுவது பிள்ளைக்கு எளிது.

முதலில் வெறுமனே கேளுங்கள். இடையில் புகுந்து 'யாருடா அவன்?' என்று எழுந்து நிற்காதீர்கள். உங்கள் கோபத்தைப் பார்த்துப் பிள்ளை பாதியிலேயே நிறுத்திவிடும். அண்ணன் ஆள்களைக் கூட்டிக்கொண்டு பள்ளி வாசலில் போய் நின்ற கதைகள் பல, போலீஸ் நிலையத்தில் முடிந்திருக்கின்றன. அதற்குப் பிறகு, பாதிக்கப்பட்ட தம்பியின் புகாரைவிட அண்ணனின் சண்டையே பெரிய விஷயமாகிவிடும்.

சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்:

• 'நீ சொல்றத நான் நம்புறேன்.'
• 'இது உன் தப்பு இல்ல.'
• 'அடுத்து என்ன செய்யணும்னு சேர்ந்து முடிவு பண்ணுவோம்.'

மூன்றாவது முக்கியம். பகடிவதைக்கு ஆளான பிள்ளையிடமிருந்து பறிபோனது கட்டுப்பாடு. தன்னைக் கேட்காமலே பெரியவர்கள் முடிவெடுத்தால், அது இன்னொரு முறை பறிபோகும்.

அதற்காக 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். 'உன்ன கேக்காம சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா பெரியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்' என்று நேர்மையாகச் சொல்லுங்கள். பெற்றோரிடம் சொல்லும் வேளையில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். 'அவன திட்டாதீங்கம்மா, முதல்ல கேளுங்க' என்று ஒரு வார்த்தை நீங்கள் சொன்னால் அங்கே நிலைமையே மாறிவிடும்.

புகாரை எழுதப்போவது நீங்கள்தான்

வீட்டில் நன்றாக மலாய் எழுதத் தெரிந்தவர் யார்? பள்ளியிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்வது யார்? பல குடும்பங்களில் அந்த வேலை மூத்த பிள்ளையின் தலையில்தான். பகடிவதைப் புகாரிலும் அப்படித்தான் ஆகும். அதனால் சரியாகச் செய்ய வேண்டிய முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்றைக்கே எழுதிவையுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், யார் யார், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் வார்த்தையிலேயே எழுதுங்கள். மலாயில் ஏசினால் மலாயிலேயே, தமிழில் ஏசினால் தமிழிலேயே எழுதி, கீழே பொருளைக் கொடுங்கள். கேட்கவே கூசுகிறது என்று மென்மையாக மாற்றாதீர்கள். 'கெட்ட வார்த்தை சொன்னான்' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. நீங்கள் ஊகித்ததையும் பிள்ளை சொன்னதையும் கலக்காதீர்கள்.

காயம் இருந்தால் தேதியோடு படம் எடுங்கள். அடிபட்டிருந்தால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். எப்படி அடிபட்டது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து, படிப்படியாக:

• முதலில் வகுப்பாசிரியர். பிள்ளைக்குப் பிடித்த வேறோர் ஆசிரியர் இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.
• ஆலோசக ஆசிரியர், கட்டொழுங்கு ஆசிரியர். பிறகு எச்.இ.எம். என்று பள்ளியில் சொல்லும் மாணவர் நலத் துணை முதல்வர், முதல்வர்.
• வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல் கடிதம் கொடுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் பெற்றோர் கையெழுத்து இருக்கட்டும்.
• 'விசாரிங்க' என்று பொதுவாகக் கேட்காமல் குறிப்பாகக் கேளுங்கள்: இடைவேளையில் யார் கண்காணிப்பார்கள்? இருக்கையை மாற்றுவீர்களா? எந்தத் தேதிக்குள் பதில் சொல்வீர்கள்?
• பதில் இல்லை என்றால் மாவட்டக் கல்வி இலாகா, பிறகு மாநிலக் கல்வி இலாகா. கல்வியமைச்சின் பகடிவதைப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம்.
• அடி, மிரட்டல், பணம் பறித்தல், பாலியல் தொல்லை என்றால் பள்ளியின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. போலீசில் புகார் செய்யலாம். எந்தக் காவல் நிலையத்திலும் செய்யலாம். நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பள்ளி சில நேரம் இரு பிள்ளைகளையும் எதிரெதிரே உட்கார வைத்து 'கை குலுக்கிக்கோங்க' என்று முடித்துவிடப் பார்க்கும். சமமான இரு நண்பர்கள் சண்டை போட்டிருந்தால் அது சரி. பலம் சமமாக இல்லாத இடத்தில், அடிபட்டவன் பயத்தில்தான் தலையாட்டுவான். முதலில் தனித்தனியாகப் பேசச் சொல்லிப் பெற்றோர் கேட்கலாம்.

போனுக்குள் நடந்தால்?

முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தால் பிள்ளை தப்பித்தது. இப்போது பள்ளி முடிந்த பிறகும் வகுப்பு வாட்ஸ்அப் குரூப் விழித்திருக்கிறது.

பதில் போடாதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரிய வேண்டும். அதற்கு அப்புறம்தான் தடை செய்வதும், செயலியிலேயே புகார் கொடுப்பதும். தளம் நடவடிக்கை எடுக்காவிட்டால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.-யிடம் புகார் செய்யலாம்.

ஒரு விதிவிலக்கு. 18 வயதுக்குட்பட்டவரின் அந்தரங்கப் படம் பரவினால், 'ஆதாரத்துக்கு' என்றுகூட அதைச் சேமிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் சிறாருக்கெதிரான பாலியல் குற்றச் சட்டத்தின்படி அத்தகைய படத்தை வைத்திருப்பதே குற்றம். கணக்கின் பெயரையும் எங்கே பார்த்தீர்கள் என்பதையும் குறித்துக்கொண்டு நேரே போலீசுக்குப் போங்கள்.

பள்ளிக் கழிப்பறையில் ஒரு மாணவனை அடிக்கும் காணொளி உங்கள் போனுக்கும் வந்திருக்கும். 'நியாயம் கிடைக்கட்டும்' என்று பகிர்ந்திருப்பீர்கள். ஆனால் அடிபடும் பிள்ளையின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒருநாள் பத்து பேர் பார்த்த அவமானத்தை இப்போது நாடே பார்க்கிறது. நாளை வேலைக்குப் போகும்போதும் அது இணையத்தில் இருக்கும். 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டமும், குற்றத்தில் தொடர்புடைய சிறாரின் அடையாளம் தெரியும்படி வெளியிடுவதைத் தடுக்கிறது. அடித்த சிறாருக்கும் அது பொருந்தும். காணொளியைப் பள்ளிக்கும் போலீசுக்கும் அனுப்புங்கள். ஸ்டோரியில் போட வேண்டாம்.

சுற்றி நிற்பவர்கள் என்ன செய்யலாம்?

பகடிவதை இருவருக்கு இடையில் மட்டும் நடப்பதில்லை. பார்க்க ஆள் இருந்தால்தான் பெரும்பாலும் நடக்கும். கனடாவின் டொரண்டோ நகரில் ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளி விளையாட்டு மைதானங்களைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். முடிவு 2001-இல் வெளிவந்தது. பகடிவதை நடந்த பத்துத் தருணங்களில் ஏறக்குறைய ஒன்பதில் மற்ற பிள்ளைகள் அருகில் இருந்தார்கள். ஐந்தில் ஒன்றில்தான் யாராவது தலையிட்டார்கள். அப்படித் தலையிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட முறை பத்தே விநாடிக்குள் அது நின்றுபோனது.

பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவாலியின் குழு உருவாக்கிய கிவா என்ற திட்டமும் இதை வைத்துத்தான் எழுந்தது. 2009 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. அடிக்கிறவனை மாற்றுவது கடினம். சிரித்து ஊக்கப்படுத்தும் ஐந்து பேரையும் பேசாமல் நிற்கும் பத்து பேரையும் மாற்றினால், அடிக்கிறவனுக்கு மேடை இருக்காது என்பதே அதன் அடிப்படை.

உங்கள் தம்பி தங்கை பாதிக்கப்பட்டவராக இல்லாமல், பார்ப்பவராகவும் இருக்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் அந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். 'நடுவுல போய் சண்டைய நிறுத்து' என்று சொல்லித்தராதீர்கள். அது ஆபத்து. பாதுகாப்பான நான்கு வழிகள் உள்ளன:

• சிரிக்காமல் இருப்பது. படம் பிடிக்காமல் இருப்பது.
• 'டேய், டீச்சர் உன்ன கூப்புடுறாங்க, வா' என்று பாதிக்கப்பட்டவனை அங்கிருந்து அழைத்துப்போவது.
• ஓடிப்போய் ஆசிரியரிடம் சொல்வது. ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொல்வது வேறு, ஒருவனைக் காப்பாற்றச் சொல்வது வேறு என்று பிள்ளைக்கு விளக்குங்கள்.
• அப்புறமாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்வது. 'பாத்தேன்டா. அவன் செஞ்சது தப்பு' என்று சொல்வது. தனியாக இல்லை என்று தெரிந்தாலே பாதி பாரம் குறையும்.

'திருப்பி அடி' என்று சொல்லலாமா?

ஆபத்திலிருந்து தப்பிக்கத் தன்னைக் காத்துக்கொள்வது யாருக்கும் உரிமை. ஆனால், பழிக்குப் பழி வாங்கும் வழியாக இதைச் சொல்லித்தந்தால் பலன் குறைவு. எதிரில் இருப்பவனுக்குப் பலம் அதிகம் என்பதால்தான் அது பகடிவதையே. அடித்தால் அவன் கூட்டத்தோடு வருவான். கட்டொழுங்குப் பதிவில் இருவர் பெயரும் ஏறும்.

அதற்குப் பதிலாக வீட்டிலேயே பழகிப் பார்க்கலாம். நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, நடுங்காத குரலில் ஒரே ஒரு வாக்கியம்: 'நிறுத்து. எனக்குப் பிடிக்கல.' பள்ளியில் பேச வேண்டிய மொழியிலேயே பழகுங்கள். மலாயில் ஏசுகிறவனுக்கு மலாயில் பதில் சொல்லத் தெரிந்திருப்பதும் ஒரு பலம். சொல்லிவிட்டு அங்கேயே நிற்காமல், ஆசிரியர் இருக்கும் திசையில் நடக்க வேண்டும். இதை நாலு முறை வீட்டு ஹாலில் நடித்துப் பார்த்தால், தேவைப்படும் நேரத்தில் வாய் வரும்.

இதையும் சொல்லிக்கொடுங்கள்: 'இப்படிச் செஞ்சும் அவன் நிறுத்தலன்னா நீ தோத்துட்டன்னு அர்த்தம் இல்ல.' அவனை நிறுத்த வைப்பது பெரியவர்களின் வேலை.

பகடிவதை செய்வது நம் வீட்டுப் பிள்ளை என்றால்?

பள்ளியிலிருந்து போன் வருகிறது. அடித்தது உங்கள் தம்பி. 'எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்ல' என்பதுதான் வாயில் வரும் முதல் சொல். அதை விழுங்கிவிட்டு, என்ன நடந்தது என்று கேளுங்கள்.

வீட்டில் போட்டு அடிப்பது தீர்வாகாது. பலமானவன் பலவீனமானவனை அடிக்கலாம் என்ற பாடத்தையே அது மறுபடி நடத்தும். செய்ததைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்: 'நீ அவன்கிட்ட காசு புடுங்குன. அது தப்பு.' 'நீ ஒரு ரவுடி' என்று முத்திரை குத்தாதீர்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைக்க வேண்டும். மன்னிப்பு, எதிர்த்தரப்புப் பிள்ளை கேட்கத் தயாராக இருக்கும்போது. அவனை யாராவது அடிக்கிறார்களா, எந்தக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறான் என்றும் பாருங்கள். சில பிள்ளைகள் ஓர் இடத்தில் அடி வாங்கி, வேறோர் இடத்தில் அடிக்கிறார்கள். இப்போது புதிய சட்டமும் இருப்பதால், 'சின்னப் புள்ளைங்க சண்டை' என்று ஒதுக்கினால் நாளை நடுவர் மன்றம் வரை போகலாம். அவனுக்காகவும்தான் இன்றே தலையிட வேண்டும்.

உடனடியாக உதவி வேண்டுமென்றால்

'நான் இல்லாம போனா நல்லா இருக்கும்', 'யாருக்கும் நான் வேணாம்' என்று பிள்ளை சொன்னால் அதைக் கோபத்தில் வந்த பேச்சாக எடுக்காதீர்கள். 'செத்துப் போகணும்னு தோணுதா?' என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. சொல்ல இடம் கிடைக்கும். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். அன்றிரவே பெற்றோரிடம் சொல்லி, மருத்துவமனைக்கோ கீழுள்ள எண்ணுக்கோ போங்கள்.

• உயிருக்கு ஆபத்து: 999
• தாலியான் காசே, 24 மணி நேரமும்: 15999. வாட்ஸ்அப்: 019-261 5999
• சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண்: 15555
• பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 24 மணி நேரமும்: 03-7627 2929

இந்த எண்களைத் தம்பியின் போனில் நீங்களே பதிந்து வையுங்கள். 'உனக்கு வேணாம்னாலும், உன் ஃபிரண்டுக்குத் தேவைப்படலாம்' என்று சொல்லிக் கொடுங்கள். அப்படியே உங்கள் எண்ணையும் முதல் வரிசையில் வைத்துவிடுங்கள். வகுப்பு நேரமோ வேலை நேரமோ, அவன் அழைத்தால் எடுப்பேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி எடுங்கள்.